சரிக்கட்டுவது வேறு, சரிபார்ப்பது வேறு: வீட்டு வங்கிக் கணக்கு பற்றிச் சில குறிப்புகள்

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ ஞாபகம் இருக்கும். ரொக்க ஏட்டின்படி இருப்பு இவ்வளவு, செல்லேட்டின்படி இருப்பு இவ்வளவு, வித்தியாசத்துக்கான காரணங்களைக் கூட்டியும் கழித்தும் காட்டுக என்று கேள்வி வரும். விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்து போகிற பாடங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பெயரிலேயே ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றும். நம் பேச்சில் ‘சரிக்கட்டுவது’ என்றால் என்ன? “எப்படியோ பேசிச் சரிக்கட்டிட்டேன்”, “கணக்குல இருநூறு இடிச்சுது, இதர செலவுல போட்டுச் சரிக்கட்டிட்டேன்” என்போம். அதாவது இடிக்கிற இடத்தை மூடி மறைப்பது. ஆனால் இந்த வேலை அதற்கு நேர் எதிரானது. இடிக்கிற இடத்தைத் திறந்து பார்ப்பதுதான் இதன் நோக்கமே. வீட்டுக் கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மென்பொருளும் “வித்தியாசத்தை நானே சரி பண்ணிடவா?” என்று கேட்கிறது. ஆமாம் என்று அழுத்தினால் எண்கள் சமமாகிவிடும். ஆனால் எதுவும் தெரிய வராது.

திருவேங்கடத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வங்கிக் கணக்குகளை நான்தான் க்னூகேஷ் என்கிற இலவச மென்பொருளில் பார்த்துக்கொள்கிறேன். வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோரின் கணக்கைப் பார்க்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களுக்கும் உதவும் என்றுதான் இந்தக் குறிப்புகள்.

பால் கணக்கில் எல்லாம் இருக்கிறது

தத்துவம் என்னவோ நம் அம்மாக்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் தினசரி காலண்டரில் ‘பால் 1’, ‘பால் 1½’, ‘இன்று இல்லை’ என்று குறித்து வைப்பார்கள். பால்காரரும் தன் நோட்டில் குறித்து வைப்பார். மாதக் கடைசியில் இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே வேறுபடுகிறதோ அந்தத் தேதியைப் பற்றி மட்டும் பேச்சு. “அன்னைக்கு நாங்க ஊர்ல இல்லையே”, “இல்லக்கா, சாயங்காலம் அரை லிட்டர் தனியா வாங்குனீங்க.” முடிந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியது. பால்காரர் நோட்டைப் பார்த்து அம்மா காலண்டரில் எழுதினால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு, ஒப்பிடுவது மொத்தத்தை அல்ல, ஒவ்வொரு வரியையும். மொத்தம் 31 லிட்டர் என்று இரண்டு பக்கமும் வந்தாலும், ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் எழுதியிருக்க வாய்ப்புண்டு.

வங்கிக் கணக்கும் இப்படித்தான். ஒரே பணத்துக்கு இரண்டு சாட்சிகள். உங்கள் கணக்கு ஒன்று, வங்கியின் அறிக்கை ஒன்று.

மென்பொருள் என்ன செய்கிறது?

க்னூகேஷின் முதல் நிலையான பதிப்பு 1998-இல் வந்தது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதன் பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்து இருக்கும். ‘என்’ என்றால் இன்னும் பார்க்கவில்லை. ‘சி’ என்றால் வங்கியில் ஏறிவிட்டது என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ‘ஒய்’ என்றால் அறிக்கையோடு ஒப்பிட்டு முடித்தாகிவிட்டது.

ஒப்பிடும் சாளரத்தைத் திறந்தால் இரண்டு விவரம் கேட்கும்: அறிக்கையின் தேதி, அந்தத் தேதியில் வங்கி காட்டும் இறுதி இருப்பு. பிறகு வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கமாக வரிசை வரும். வங்கி அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டிலும் இருக்கும் வரிகளை டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். கீழே வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் ஆனால்தான் முடிக்க விடும்.

தொடக்க இருப்பு என்று அது காட்டும் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அது ‘ஒய்’ போட்ட எல்லா வரிகளின் கூட்டுத்தொகை. ஆகவே அந்த எண் வங்கியின் தொடக்க இருப்போடு ஒத்துப்போகவில்லை என்றால், ஏற்கெனவே முடித்த பழைய வரி ஒன்றை யாரோ மாற்றியிருக்கிறார்கள் அல்லது அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மாத வரிகளைத் துழாவிப் பிரயோஜனம் இல்லை. பழைய மாதத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மே மாதத்தைப் போட்டுப் பார்ப்போம்

விளக்குவதற்காக நானே வைத்த எண்கள் இவை. ஆனால் வரிகள் எல்லாம் எங்கள் பக்கத்து வீடுகளில் நிஜமாக வரும் வரிகள்தான். மே 1 அன்று இருப்பு 18,240.00. இரண்டு பக்கமும் ஒன்றே.

நம் கணக்கில் உள்ளவை:

- மே 2, மகன் அனுப்பியது: +6,000
- மே 5, ஏடிஎம்மில் எடுத்தது: −4,000
- மே 10, கரண்ட் பில்: −1,350
- மே 12, கேஸ் சிலிண்டர்: −880
- மே 15, மகளிர் உரிமைத் தொகை: +1,000
- மே 20, மருந்து: −540
- மே 27, கடைக்குக் கொடுத்த காசோலை: −2,500

மாத இறுதியில் நம் கணக்குப்படி இருப்பு 15,970.00. வங்கி அறிக்கையில் 17,386.86.

வங்கியில் 1,416.86 ரூபாய் அதிகம் இருக்கிறது. சாதாரணமாகப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? “பரவாயில்லையே, நினைச்சதைவிடக் கூடத்தானே இருக்கு” என்று மூடி வைத்துவிடுவார். வரி வரியாக டிக் அடித்துப் பார்த்தால்தான் கதை வேறு மாதிரி இருக்கிறது.

நம்மிடம் இருந்து வங்கியில் இல்லாதது ஒன்றே ஒன்று: 2,500 ரூபாய் காசோலை. கடைக்காரர் இன்னும் வங்கியில் போடவில்லை.

வங்கியில் இருந்து நம்மிடம் இல்லாதவை நான்கு வரி:

- ஏடிஎம் கட்டணம்: 27.14
- காப்பீட்டுப் பிடித்தம்: 436.00
- இன்னொரு காப்பீட்டுப் பிடித்தம்: 20.00
- மே 30, கடையில் யுபிஐ: 600.00

2,500-இலிருந்து இந்த நான்கின் கூட்டுத்தொகையான 1,083.14-ஐக் கழித்தால் 1,416.86. பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. அதாவது கணக்கிலிருந்து 1,083 ரூபாய் நமக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மாற்றப்படாத ஒரு காசோலை அதை மறைத்து நின்றிருக்கிறது. இருப்பை மட்டும் பார்த்தால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த ஐந்தும் ஐந்து விதம். காசோலை வெறும் கால தாமதம், காத்திருந்தால் போதும். ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கவும் கூடாது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான், அதற்குள் போடச் சொல்லிக் கடைக்காரரை நினைவூட்ட வேண்டும். ஏடிஎம் கட்டணம் நிஜச் செலவு, நம் கணக்கில் புதிதாக எழுத வேண்டியது. 600 ரூபாய் என்பது கடையில் ‘பேமெண்ட் ஃபெயில்டு’ என்று வந்து, கையில் காசு கொடுத்துவிட்டு வந்தது. கணக்கிலிருந்தும் போயிருக்கிறது. அது திரும்பி வர வேண்டிய பணம், செலவில் எழுதக் கூடாது. ‘வர வேண்டியவை’ என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். காப்பீடு இரண்டும் தனிக் கதை, கீழே வருகிறேன்.

மென்பொருளின் ‘சமன் செய்’ பொத்தானை அழுத்தியிருந்தால்? இந்த ஐந்தும் சேர்ந்து 1,416.86 ரூபாய் ‘வரவு’ என்ற ஒற்றை வரியாக ஆகியிருக்கும். போன பணம் வருமானம் என்று பதிவாகியிருக்கும்!

வித்தியாசத்தைப் பார்த்தே காரணம் சொல்வது

கொஞ்ச நாள் பழகினால் வித்தியாசமே தன் பெயரைச் சொல்லும். பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த இரண்டு வழிகள் முதலில்.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. 880-ஐ 88 என்று எழுதினால் வித்தியாசம் 792. இரண்டுமே 9-ஆல் வகுபடும். வித்தியாசத்தின் பாதித் தொகைக்கு ஒரு வரி இருந்தால், அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம்.

மூன்றாவது வழி ஜிஎஸ்டி வந்த பிறகு கிடைத்தது. வங்கிக் கட்டணங்களுக்கு 18 சதவீத வரி. அதனால் பைசாவோடு இருக்கும் தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் அநேகமாக அது வங்கிக் கட்டணம்.

- 17.70 வகுத்தால் 15. பல வங்கிகளில் காலாண்டுக்கு ஒருமுறை வரும் எஸ்எம்எஸ் கட்டணம்.
- 27.14 வகுத்தால் 23. இலவச எண்ணிக்கை தாண்டி ஏடிஎம்மில் எடுத்ததற்கு. 2025 மே 1 முதல் அதிகபட்சம் 23 ரூபாய், அதற்கு முன் 21. வரியோடு 24.78.
- 23.60 வகுத்தால் 20. இருப்பு போதாமல் ஏடிஎம் மறுத்ததற்கு 20 ரூபாய் வாங்கும் வங்கிகளில்.
- 295 வகுத்தால் 250. தவணை எடுக்க வந்தபோது பணம் இல்லாமல் திரும்பிப் போனதற்கு 250 ரூபாய் வாங்கும் வங்கிகளில்.

சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம். மற்ற வங்கி ஏடிஎம்மில் பெருநகரங்களில் மூன்று, திருவேங்கடம் மாதிரி ஊர்களில் ஐந்து. இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும். சம்பளம் வந்ததா என்று பார்க்கவே ஏடிஎம்முக்கு நடக்கும் வீடுகளில் 27.14 எங்கிருந்து வருகிறது என்பது இதனால் புரியும்.

யுபிஐ லைட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் நீங்கள் செய்யும் சின்னச் சின்னச் செலவுகள் வங்கி அறிக்கையில் வராது. அதில் பணம் ஏற்றிய வரி மட்டும்தான் வரும். ஆகவே அதை மணிபர்ஸ் மாதிரி தனிக் கணக்காக வையுங்கள். இல்லாவிட்டால் மாதா மாதம் டீச் செலவு எல்லாம் இடிக்கும்.

436 ரூபாய் வரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசியில் பெற்றோர் கணக்கிலிருந்து 436 ரூபாய் போனால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் போனால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டும் 2015 மே மாதம் தொடங்கப்பட்டவை. 2022 ஜூன் 1-க்கு முன் 330-ம் 12-ம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டாவது விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம்.

கணக்கு ஆரம்பிக்கப் போனபோது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் தானாகப் போகும். பல வீடுகளில் பத்திரம் என்று எதுவும் இருக்காது. அந்த ஒற்றை வரிதான் தடயம். குடும்பத்துக்குத் தெரியாவிட்டால், ஆள் போன பிறகு கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். கேட்காமல் அந்தப் பணம் வராது. அந்த வரியை ‘இதர செலவு’ என்று சரிக்கட்டுகிறவர், தன் வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு இருப்பதையும் சேர்த்து மூடுகிறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜீவன் ஜோதிக்கு வயது வரம்பு 55. அதைத் தாண்டியவருக்குப் பாதுகாப்பு இல்லை. தாண்டிய பிறகும் 436 போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்து இரண்டிலும் பிடித்தாலும் கிடைக்கப்போவது ஒரே 2 லட்சம்தான். எல்லாக் கணக்குகளையும் ஒரே மென்பொருளில் வைத்தால் இது கண்ணில் படும். தனித்தனி பாஸ்புக்கில் படாது.

சின்னப் பிடித்தம்தானே என்று விட முடியாததற்கு இன்னொரு உதாரணம், 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை. முதல் ஆயிரம் ரூபாய் வந்த வேகத்திலேயே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற பெயரில் சில வங்கிகள் அதிலிருந்து கழித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தன. அப்படிக் கழிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சொல்ல வேண்டி வந்தது. ஸ்டேட் வங்கி 2020-லேயே அந்த அபராதத்தை விட்டுவிட்டது. கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி 2025-இல் விட்டன. வாங்கும் வங்கிகள் இன்னும் இருக்கின்றன. பணம் வந்ததா என்று மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கழிவு தெரிந்திருக்காது. கழித்ததையும் பார்த்தவர்கள்தான் கேட்டார்கள்.

இறக்குமதி செய்தால் வேலை முடிந்ததா?

“வங்கி அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி அப்படியே மென்பொருளில் ஏற்றிவிட்டால் எல்லாம் பைசா சுத்தமாக ஒத்துப்போகுமே, எதற்கு இந்தப் பாடு?” என்று ஒரு நண்பர் கேட்டார். ஒத்துப்போகும்தான். பால்காரர் நோட்டைப் பார்த்துக் காலண்டரில் எழுதினாலும் ஒத்துப்போகும்! வங்கி சொன்னதை வங்கியோடு ஒப்பிட்டால் வங்கி சொல்வதே சரி என்றுதான் வரும். எஸ்எம்எஸ் படித்துத் தானே கணக்கு எழுதும் செயலிகளும் இதே கதைதான். செலவு எவ்வளவு என்று பார்க்க அவை போதும். சரிபார்க்க உதவாது, ஏனென்றால் இரண்டாவது சாட்சி இல்லை.

இறக்குமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் உங்கள் பக்கத்தை எழுதுங்கள், பிறகு வங்கிக் கோப்பை ஏற்றுங்கள். க்னூகேஷ் ஏற்கெனவே இருக்கும் வரிகளோடு தானே பொருத்திப் பார்க்கும். பொருந்தாமல் மிஞ்சும் வரிகள்தான் உங்களுக்கு வேண்டியவை. அவற்றை மொத்தமாக ‘சேர்’ என்று தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள்.

அம்மா அப்பா மென்பொருளில் எழுத மாட்டார்களே என்றால், எழுத வேண்டாம். சிவகாசி எங்களுக்குப் பக்கம், காலண்டர் இல்லாத வீடு கிடையாது. அதில் ‘ஏடிஎம் 4000’, ‘கேஸ் 880’ என்று குறித்தால் போதும். வாரம் ஒருமுறை அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லலாம். பென்சில் எழுத்துதான், ஆனால் வங்கியைக் கேட்காமல் எழுதியது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மாதம் ஒருமுறை என்பதுதான் வழக்கம். பாஸ்புக் காலத்துக்கு அது சரி. இப்போது நம் உரிமைகளுக்கான கெடு நாள் கணக்கில் இருக்கிறது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ பணம் எடுத்துவிட்டால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டி வரும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 வரை. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. வங்கியிடம் சொல்லும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். மோசடி என்றால் உடனே 1930-க்கும் பேச வேண்டும்.

தோற்றுப்போன பரிவர்த்தனைகளுக்கு 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். யுபிஐயில் ஆளுக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், கடைக்கு என்றால் ஐந்து நாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. நாம் கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி. நம் உதாரணத்தில் மே 30-இல் போன 600 ரூபாயை ஜூன் 4 வரை பார்க்கலாம். அதன் பிறகு வங்கியில் எழுத்து மூலம் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆகவே நான் இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன். புதன், ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து நிமிடம் வங்கியின் வரிகளைப் பார்த்து ‘சி’ போடுவது. இடைவெளி மூன்று வேலை நாளைத் தாண்டாது. மாதம் முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து அறிக்கையோடு ‘ஒய்’ போடுவது. முதல் வேலை திருட்டைப் பிடிக்க, இரண்டாவது கசிவைப் பிடிக்க.

வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாத மாதமும் வரும். அப்போதும் சமன் செய்யும் பொத்தானை அழுத்தாமல், ‘விளங்காதவை’ என்று ஒரு கணக்கு திறந்து, தொகையையும் தேதியையும் எழுதி அதில் வையுங்கள். அடுத்த மாதமும் அதே தொகை வந்தால் யார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு மாதச் சந்தா. அந்தக் கணக்கு பூஜ்யமாக இல்லாத வரை வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். சரிக்கட்டியிருந்தால் அந்தப் பாக்கிகூட நமக்குத் தெரியாது.